ரிட்டர்ன் குறையும்போது: லாஸ்ட் சர்க்குலேஷனை அளந்து அடக்கும் முறை

எண்ணெய்க் கிணறு துளைக்கும் ரிக்கிலிருந்து கோலாலம்பூர் அலுவலகத்துக்கு அழைப்பு வருகிறது: "ரிட்டர்ன் குறையுது." துளைக்குள் பம்ப் செய்த மட் (துளையிடும் குழம்பு) முழுதாக மேலே திரும்பாமல் பாறைக்குள் போகிறது என்று பொருள். இதுதான் லாஸ்ட் சர்க்குலேஷன். உடனே "எல்.சி.எம். (பாறையை அடைக்கும் பொருள்) கலக்குங்க" என்று சொல்லிவிடுவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. அதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மணிக்கு எத்தனை பேரல் போகிறது? பம்ப் ஓடும்போது மட்டும் போகிறதா, நிறுத்தினாலும் போகிறதா? எந்த ஆழத்தில், என்ன வேலை நடந்தபோது தொடங்கியது? இவற்றுக்கு எண்ணாகப் பதில் கிடைக்கும்வரை எந்த பில்லைப் (எல்.சி.எம். கலந்த மட்) போட்டாலும் அது நோய் தெரியாமல் கொடுக்கும் மருந்துதான்.

அலுவலகத்தில் இருந்தபடி கிணற்றைக் கவனிக்கும் இளம் டிரில்லிங் இன்ஜினியருக்கும், கெர்த்தேவிலோ மிரியிலோ ஹெலிகாப்டர் ஏறும் மட் இன்ஜினியருக்கும் இந்த வழிகாட்டி. மலேசிய ரிக்குகளின் வழக்கப்படி ஆழம் மீட்டரிலும், மட் எடை பி.பி.ஜி.யிலும் (காலனுக்கு இத்தனை பவுண்டு), அளவு பேரலிலும் தரப்பட்டிருக்கிறது. அழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் கணக்கிட ஒரு வாய்ப்பாடு போதும்: 0.1706 × மட் எடை × செங்குத்து ஆழம்.

உண்மையிலேயே லாஸ்தானா?

மட் டேங்கில் அளவு இறங்கினால் அது பாறைக்குள்தான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. துளை ஆழமாக ஆழமாகப் புது இடத்தை நிரப்பவும் மட் வேண்டும். 12¼ அங்குலத் துளை ஒரு மீட்டருக்கு 0.478 பேரல் கொள்ளும். மணிக்கு 30 மீட்டர் வேகத்தில் இறங்கினால், ஒரு சொட்டுகூட இழக்காமலே டேங்கில் மணிக்கு 14 பேரல் குறையும். 8½ அங்குலத் துளைக்கு மீட்டருக்கு 0.23 பேரல். இதைக் கழிக்காமல் லாஸ் என்று எழுதிய காலை ரிப்போர்ட், நடக்காத ஒன்றுக்கு அலுவலகத்தையே பதற வைக்கும்.

அடுத்தது ஷேக்கர், மட்டிலிருந்து பாறைத் துகளைச் சலித்தெடுக்கும் கருவி. திரை மிக நுண்ணியதாக இருந்தாலோ அடைத்துக்கொண்டாலோ மட் திரையின் மேலாகவே ஓடி, பாறைத் துகளோடு கழிவுக்குப் போய்விடும். துகளில் ஒட்டிப் போகும் மட்டின் அளவும் கணக்கில் வரவேண்டும். டேங்குகளுக்கு இடையிலான வால்வு, சென்ட்ரிஃபியூஜின் வெளியேற்றம், யாரோ தொடங்கிவிட்டுச் சொல்ல மறந்த டிரான்ஸ்ஃபர் எல்லாவற்றையும் டெரிக்மேன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கணினித் திரையில் பார்த்துச் சொல்வது போதாது. ஐந்து நிமிட வேலைதான்.

உண்மையான லாஸ் என்றால் அடையாளங்கள் ஒன்றுசேர்ந்து வரும். வெளிவரும் ஓட்டம் குறையும், டேங்க் இறங்கும், ஸ்டாண்ட்பைப் பிரஷரும் (பம்ப் மட்டைக் குழாய்க்குள் தள்ளும் அழுத்தம்) இறங்கும். ரிட்டர்னே இல்லாத டோட்டல் லாஸில் ஆனுலஸின் (குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி) மட்டம் கீழே போவதால் குழாயைத் தாங்கும் மிதப்பு குறைந்து, ஹூக் லோடு (கொக்கியில் தொங்கும் எடை) சற்று ஏறுவதும் உண்டு.

முதல் பதினைந்து நிமிடம்

பிட்டை (துளைக்கும் முனை) அடியிலிருந்து தூக்குங்கள். டூல் ஜாயிண்ட் (குழாய்கள் சேரும் தடித்த பகுதி) பி.ஓ.பி.யின் (கிணற்றை மூடும் வால்வுத் தொகுதி) ராமுக்கு நேரே நிற்காதபடி குழாயை நிறுத்துங்கள். பம்பை நிறுத்தி, டிரிப் டேங்கைத் (சிறு மாற்றமும் தெரியும் சிறிய அளவு டேங்க்) துளையின் மேல் சுற்றவிட்டு, 10 முதல் 15 நிமிடம் மட்டத்தை நிமிடம் நிமிடமாக எழுதுங்கள். இதிலிருந்து ஸ்டாட்டிக் லாஸ் விகிதம், அதாவது பம்ப் நின்றிருக்கும்போது போகும் அளவு, கிடைக்கும். இந்த நேரம் முழுக்கக் குழாயை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லாஸ் நடக்கும் இடத்தில் குழாயை அசையாமல் விட்டால், மட் போன பிரச்சினையோடு குழாய் ஒட்டிக்கொண்ட பிரச்சினையும் சேரும்.

ஆனுலஸில் மட்டமே தெரியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. கடல்நீரை, எண்ணெய் சார்ந்த மட் என்றால் அதன் பேஸ் ஆயிலை, மேலிருந்து அளந்து ஊற்ற வேண்டும். எத்தனை பேரலில் நிரம்பி நின்றது என்ற எண்தான் இங்கே கைவிளக்கு. ஓர் உதாரணம். 9⅝ அங்குலக் கேசிங்கின் (துளைச் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாய்) உள்விட்டம் 8.681 அங்குலம், உள்ளே 5 அங்குல டிரில் பைப். இந்த ஆனுலஸ் மீட்டருக்கு 0.16 பேரல் கொள்ளும். 40 பேரல் கடல்நீரில் நிரம்பிவிட்டது என்றால் மேலே சுமார் 250 மீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கிறது. மட் 10.0 பி.பி.ஜி., கடல்நீர் 8.6 என்றால் அழுத்தம் 1.4 × 0.1706 × 250, அதாவது சுமார் 60 பி.எஸ்.ஐ. குறைந்திருக்கிறது. லாஸ் இடம் 2,200 மீட்டரில் இருந்தால் அந்தப் பாறை தாங்கும் எடை ஏறக்குறைய 9.84 பி.பி.ஜி. அடுத்து மட் எடையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நம்பத்தக்க எண் அந்த நேரத்தில் கிடைக்காது. ஊற்றிய நீரை அளக்காமல் விட்டவர் இதை இழக்கிறார்.

அளந்து ஊற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மட்டம் இறங்கினால் துளை முழுவதிலும் அழுத்தம் இறங்கும். லாஸ் ஒரு பாறையில் நடக்க, வேறொரு பாறையிலிருந்து எரிவாயு உள்ளே வரலாம். மேலே மட்டம் தெரியாததால் அது வருவதும் உடனே தெரியாது. நீரை அளவின்றிக் கொட்டிக்கொண்டே போனால் கிக்கை, அதாவது பாறையிலிருந்து திரவமோ வாயுவோ துளைக்குள் புகுவதை, நாமே வரவழைக்கிறோம். அதனால் எவ்வளவு நீர் ஊற்றினால் திறந்த துளையிலுள்ள மிக உயர்ந்த பாறை அழுத்தத்துக்குக் கீழே போவோம் என்பதை அந்தப் பகுதியைத் துளைக்கத் தொடங்கும் முன்பே கணக்கிட்டு, டிரில்லரின் கண்ணெதிரே ஒட்டி வைக்க வேண்டும்.

எண் சொல்லும் வகை

எல்லை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவாக மணிக்கு 10 பேரலுக்குள் இருந்தால் சீபேஜ் என்பார்கள். அதற்கு மேல் 100 வரை பார்ஷியல், 100-ஐத் தாண்டினால் சிவியர், ரிட்டர்னே இல்லையென்றால் டோட்டல். எண்ணெய் சார்ந்த மட்டில் இந்த எல்லைகளைக் கீழே இறக்கிக்கொள்வார்கள். மட் விலை ஒரு காரணம். எண்ணெய் மட்டில் ஒருமுறை திறந்த பிளவு நீர் மட்டில் மூடுவதுபோல் எளிதில் மூடாது என்பது மற்றது.

வகைப் பெயரைவிட ஸ்டாட்டிக், டைனமிக் வித்தியாசமே முக்கியம். பம்ப் நின்றதும் லாஸ் நின்றால் பாறை உங்கள் மட் எடையைத் தாங்குகிறது, ஓட்டத்தால் கூடும் அழுத்தத்தைத்தான் தாங்கவில்லை. இந்தக் கூட்டு எடைதான் இ.சி.டி. 2,500 மீட்டர் ஆழத்தில் 10.5 பி.பி.ஜி. மட் ஓடும்போது ஆனுலஸ் உராய்வு 250 பி.எஸ்.ஐ. என்றால் இ.சி.டி. 11.1-ஐத் தொடும். இப்படிப்பட்ட லாஸுக்கு முதல் மருந்து மூட்டையில் இல்லை. பம்ப் வேகத்தைக் குறைக்கலாம். துளைக்கும் வேகத்தைக் குறைத்துத் துகள் சுமையை இறக்கலாம். மட்டின் குழைவைத் தளர்த்தலாம். கிணற்று அழுத்தம் இடம் கொடுத்தால் எடையை 0.2, 0.3 என்று படிப்படியாகக் குறைக்கலாம்.

ஜெல்லைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நின்றுபோன மட் உறைந்து கெட்டிப்படும். அதை உடைத்து நகர்த்தத் தேவையான அழுத்தத்தையும் பாறைதான் தாங்க வேண்டும். 100 சதுர அடிக்கு 25 பவுண்டு ஜெல், 7,874 அடி (2,400 மீட்டர்) நீளம், 8½ துளையில் 5 அங்குலக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். ஜெல்லை நீளத்தால் பெருக்கி, 300-ஐத் துளை, குழாய் விட்டங்களின் வித்தியாசத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் சுமார் 188 பி.எஸ்.ஐ. வரும். அந்த ஆழத்தில் இது 0.46 பி.பி.ஜி. கூடுதல் எடைக்குச் சமம். டிரிப் (குழாயை வெளியே எடுத்து மறுபடி இறக்குவது) முடிந்து அடியில் போய் பம்பைச் சட்டென்று முழு வேகத்தில் திருப்பும் டிரில்லர், மட் எடையை ஒரே நொடியில் அரை பி.பி.ஜி. ஏற்றுவதற்குச் சமமானதைச் செய்கிறார். முதலில் குழாயைச் சுழற்றி ஜெல்லை உடைக்க வேண்டும். பிறகு பம்பை மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, ரிட்டர்ன் முழுதாக வந்த பின்னரே அடுத்த படி ஏற வேண்டும். இறங்கும் வழியிலும் சில இடங்களில் நிறுத்தி மட்டைச் சுழலவிட வேண்டும். அடி தட்டும்வரை காத்திருக்கக் கூடாது. சபா ஆழ்கடல் கிணறுகளில் இது இன்னும் கூர்மையான விஷயம். மேலே பாறைச் சுமைக்குப் பதில் கடல்நீர் நிற்பதால் பாறை பிளக்கும் அழுத்தத்துக்கும் உள்ளழுத்தத்துக்கும் இடையே இடம் குறுகலாக இருக்கிறது. கடலடிக் குளிரில் மட் கெட்டிப்படுவதும் சேர்ந்துகொள்கிறது.

போனது திரும்பி வந்தால்

பம்ப் ஓடும்போது போகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. இதற்கு பலூனிங் என்று பெயர். பிளவு திறந்து மட்டை வாங்கிக்கொண்டு, அழுத்தம் இறங்கியதும் மூடித் திருப்பித் தருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கிக் போலவே இருக்கும். கிக் என்று நம்பி மட் எடையை ஏற்றினால் பிளவு இன்னும் அகலும், திரும்பி வரும் மட்டின் அளவும் கூடும், மீண்டும் ஏற்றத் தோன்றும்.

இதைப் பிரித்தறிய முன்கூட்டியே எழுதிய பதிவு வேண்டும். நல்ல நிலையில் இருக்கும்போதே குழாய் சேர்க்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பம்ப் நின்ற பின் எத்தனை பேரல் திரும்பியது, எத்தனை நிமிடத்தில் ஓய்ந்தது என்று மட் லாகர் குறித்துக்கொண்டே வரட்டும். பலூனிங் ஓட்டம் நேரம் ஆக ஆகத் தணியும். கிக் ஓட்டம் தணியாது, கூடும். பதிவோடு பொருந்தவில்லை என்றால் தயங்காமல் கிணற்றை மூட வேண்டும். மூடிய பின் சிறிது சிறிதாக அளந்து வெளியே விட்டு, ஒவ்வொரு முறையும் அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கலாம். சந்தேகம் தீரும்வரை அதைக் கிக் என்றே நடத்துங்கள்.

எந்த இடம்?

புதுப் பாறையைத் துளைக்கும்போது, அதுவும் துளை வேகம் திடீரென்று எகிறியோ பிட் சற்று விழுந்தோ லாஸ் தொடங்கினால் இடம் பெரும்பாலும் பிட்டின் அருகேதான். மட் எடையை ஏற்றும்போதோ குழாயை இறக்கும்போதோ தொடங்கினால் பலவீனமான இடம் மேலே, பல நேரம் கேசிங் ஷூவுக்குச் (கேசிங்கின் அடிமுனை) சற்றுக் கீழே இருக்கும். அப்படியிருக்க பில்லை அடியில் போட்டால் மூட்டை தீரும், லாஸ் தீராது. எல்.டபிள்யூ.டி. ரெசிஸ்டிவிட்டி கருவி (துளைக்கும்போதே பாறையின் மின்தடையைப் பதிவது) இருந்தால் அதே பகுதியை மறுபடி பதிவுசெய்து முந்தியதோடு ஒப்பிடுங்கள். மட் புகுந்த இடம் வேறுபட்டுத் தெரியும்.

தீபகற்பத்தின் கிழக்கே பல்லாண்டுகளாக எண்ணெய் எடுத்த வயல்களில் அழுத்தம் இறங்கிய மணற்பாறைகள் எந்த ஆழத்தில் என்று முன்பே தெரியும். உள்ளழுத்தம் இறங்கினால் பாறை பிளக்கும் அழுத்தமும் கூடவே இறங்கிவிடும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வைத்தியம் தேடுவதைவிட, அந்த மணலைத் தொடும் முன்பே பேரலுக்கு 15 முதல் 25 பவுண்டு அளவில் அளவெடுத்த கால்சியம் கார்பனேட்டையும் கிராஃபைட்டையும் மட்டிலேயே கலந்து போவது சிக்கனம்.

பில் கலக்கும் முன்

முதலில் குழாய் அடியில் என்னென்ன கருவி இருக்கிறது என்று பாருங்கள். எம்.டபிள்யூ.டி. (துளைக்கும்போதே அளக்கும் கருவி), மோட்டார், ரோட்டரி ஸ்டியரபிள் (துளையின் திசையைத் திருப்பும் கருவி) ஒவ்வொன்றும் எவ்வளவு எல்.சி.எம்.மை, எந்தப் பருமனில் விடும் என்பதற்கு அதன் கம்பெனி தரும் வரம்பு உண்டு. அதை இறக்கும் முன்பே எழுத்தில் வாங்கி மட் புரோகிராமில் சேர்க்க வேண்டும். பிட் நாசில் சிறியதாக இருந்தால் நார்ப் பொருள் அங்கேயே அடைக்கும். லாஸ் எதிர்பார்க்கும் பகுதியில் பந்து போட்டுத் திறக்கும் சர்க்குலேட்டிங் சப் என்ற குட்டைக் குழாயைக் கருவிகளுக்கு மேலே வைத்தால் கனமான பில்லைப் பக்கவாட்டில் வெளியேற்றலாம். அதன் கூடுதல் செலவு, அடைத்துக்கொண்ட கருவியை மாற்ற மேலே எடுக்கும் ஒரு டிரிப்புக்குப் பக்கத்தில்கூட வராது. டிரில் பைப் ஸ்கிரீனையும் பம்ப் சக்‌ஷன் ஸ்கிரீனையும் எடுத்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

பருமனைத் தேர்வதில் மணற்பாறைக்கு 1977-இல் ஆப்ராம்ஸ் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: துகளின் நடுப் பருமன் பாறைத் துவாரத்தின் நடுப் பருமனில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. பிளவுக்கு இந்த விதி செல்லாது. அங்கே பெரிய துகள் பிளவின் வாயில் தங்கி நிற்க வேண்டும், நடுத்தரம் இடுக்கை நிரப்ப வேண்டும், நுண்ணியது மூடி முடிக்க வேண்டும். ஒரே பருமனை எவ்வளவு கொட்டினாலும் கூழாங்கல் குவியல்போல் இடைவெளி விட்டு நிற்கும்.

பார்ஷியல் லாஸுக்கு 50 பேரல் பில், பேரலுக்கு 40 பவுண்டு என்று தொடங்கலாம்: நடுத்தர கால்சியம் கார்பனேட் 15, பருமனான கார்பனேட் 10, கிராஃபைட் 10, நார் 5. மொத்தம் 2,000 பவுண்டு, 25 கிலோ மூட்டையில் 36 அல்லது 37. எண்ணெய் தரும் பாறையில் நாரையும் கொட்டை ஓட்டையும் மைக்காவையும் தவிர்த்து, அமிலத்தில் கரையும் கார்பனேட்டோடு நில்லுங்கள். பின்னால் உற்பத்திக்கு அடைப்பாக நிற்பவை நாரும் ஓடும் மைக்காவும்தான்.

பில்லைப் போட்டுவிட்டு ஷேக்கரில் நுண்திரையை அப்படியே விடுவது அடிக்கடி காணும் அவலம். காசு கொடுத்து வாங்கிய எல்.சி.எம். ஒரே சுற்றில் கடலுக்குப் போய்விடும். மட்டிலேயே எல்.சி.எம். வைத்துத் துளைக்கும்போது பருமனான திரைக்கு மாறுங்கள்.

வைத்து, அழுத்தி, பொறுத்து

பில்லை லாஸ் இடத்துக்கு எதிரே மெதுவாக இறக்குங்கள். 50 பேரல், 8½ துளையில் குழாயைச் சுற்றி நின்றால் சுமார் 330 மீட்டர் உயரம் வரும். அதனால் 13 ஸ்டாண்ட் (ஒன்றில் மூன்று குழாய்) மேலே எடுத்தால் பில்லுக்கு மேலே வந்துவிடுவீர்கள். வேகமாக எடுத்தால் உறிஞ்சல் ஏற்பட்டுப் பில் கலைந்துபோகும்.

பின்னர் ஆன்யூலரை (பி.ஓ.பி.யில் குழாயைச் சுற்றி மூடும் பகுதி) மூடி ஹெசிட்டேஷன் ஸ்க்வீஸ், அதாவது விட்டுவிட்டு அழுத்துவது. நிமிடத்துக்குக் கால் பேரல் வேகத்தில் அரை பேரல் செலுத்தி நிறுத்துங்கள். அழுத்தம் விழுவதை 10 நிமிடம் பாருங்கள், மறுபடி அரை பேரல். 50 பி.எஸ்.ஐ. படியாக ஏறட்டும். அடுத்த பகுதியைத் துளைக்கத் தேவையான இ.சி.டி.க்குச் சமமான அழுத்தம் நின்றதும் நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று ஏற்றியே நன்றாக ஆறிய பிளவை மறுபடி பிளப்பார்கள். ஷூவின் எல்.ஓ.டி. எண்ணையும் (அங்கே பாறை மட்டை உள்வாங்கத் தொடங்கிய அழுத்தம்) தாண்டக் கூடாது. அழுத்தத்தை மெதுவாக, திரும்பி வருவதை அளந்தபடி இறக்குங்கள்.

ஒரே கலவை இரண்டு முறை தோற்றால் மூன்றாம் முறை அதையே போடாதீர்கள். பருமனையோ இடத்தையோ நீங்கள் தவறாகக் கணித்திருக்கிறீர்கள்.

சிமெண்ட்

சிவியர், டோட்டல் லாஸில் பில்லுக்கு அடங்காவிட்டால் சிமெண்ட் பிளக். கருவிகளை மேலே எடுத்துவிட்டுத் திறந்த முனைக் குழாயோடு இறங்க வேண்டும். 8½ துளையில் 100 மீட்டருக்கு 23 பேரல், 50 சதவீதம் கூடுதல் வைத்தால் 34.5 பேரல், அதாவது 194 கன அடி. 15.8 பி.பி.ஜி. கிளாஸ் ஜி நீட் (வேறு பொருள் கலக்காத) சிமெண்ட் ஒரு மூட்டைக்கு (94 பவுண்டு) 1.15 கன அடி தரும். ஆகவே 169 மூட்டை. ஆனால் 10 பி.பி.ஜி.யே தாங்காத பாறையில் 15.8 தன் கனத்தாலேயே உள்ளே ஓடிவிடும். இலேசான அல்லது ஓட்டம் நின்றதும் உறையும் திக்சோட்ரோபிக் கலவை பொருத்தம். பம்ப் செய்யும் முன் ஆனுலஸ் மட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். துளை மேல்வரை நிரம்பியிருப்பதாக எண்ணி டிஸ்பிளேஸ்மெண்ட் (சிமெண்டைத் தள்ளும் மட்டின் அளவு) கணக்குப் போட்டால் சிமெண்ட் முழுவதையும் லாஸ் இடத்துக்குள் தள்ளிவிடுவீர்கள்.

சுண்ணாம்புப் பாறை வேறு கதை

சரவாக் கடலில் மத்திய லுக்கோனியாவின் மயோசீன் சுண்ணாம்புப் பாறைகளில் எரிவாயு இருக்கிறது, குகைகளும் இருக்கின்றன. கோலாலம்பூர் அருகே பத்துமலைக் குகைக்குப் படியேறி உள்ளே நின்று மேலே பார்த்தவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அந்த மலை இதைவிட மிகப் பழைய பாறை, ஆனாலும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக் குடைவது ஒரே வேலைதான். கோலாலம்பூருக்கு அடியிலேயே அப்படிப்பட்ட பாறை கிடக்கிறது. இரட்டைக் கோபுரங்களின் இடத்தைச் சுமார் 60 மீட்டர் நகர்த்த வைத்ததும் அதுதான். எம்.ஆர்.டி. ரயில் சுரங்கம் தோண்டும்போது குழம்பு குகைக்குள் ஓடிவிடாமலிருக்கக் குழம்பின் அடர்த்தியை மாற்றிக்கொள்ளும் இயந்திரத்தை உருவாக்க வைத்ததும் அதுதான்.

விரல் நுழையும் துவாரத்தையே எல்.சி.எம். அடைக்காது, ஆள் நுழையும் குகையை எதுவும் அடைக்காது. இரண்டு முயற்சிக்கு மேல் மூட்டைகளைச் செலவழிக்காமல் முறையையே மாற்ற வேண்டும். அதுதான் பி.எம்.சி.டி. (பிரஷரைஸ்டு மட் கேப் டிரில்லிங்). மேலே ரொட்டேட்டிங் கண்ட்ரோல் டிவைஸ் ஆனுலஸை மூடியிருக்கும். பாறை அழுத்தத்தைவிடச் சற்றே இலேசான கெட்டி மட் ஆனுலஸில் நிற்கும். அதனால் மேலே சிறிய அழுத்தம் தெரியும், அந்த அழுத்தமே கீழே நடப்பதைச் சொல்லும் கண்ணாடி. குழாய் வழியே கடல்நீர் இறங்கி, துகளை அடித்துக்கொண்டு குகைக்குள்ளேயே போய்விடும். ரிட்டர்ன் கிடையாது. மேலே அழுத்தம் ஏறினால் எரிவாயு ஏறி வருகிறது என்று பொருள். அது ஏறும் வேகத்தைவிட வேகமாக ஆனுலஸில் மட்டை இறக்கி அதைப் பாறைக்கே திருப்பியனுப்ப வேண்டும்.

இதற்கு இரண்டு நிபந்தனை. லாஸ் இடம் நீரையும் துகளையும் முழுவதும் விழுங்க வேண்டும். பாதி விழுங்கும் பாறையில் இந்த முறை தடுமாறும். இரண்டாவது, நீர். நிமிடத்துக்கு 450 காலன் என்றால் மணிக்கு 640 பேரல், ஒரு நாளைக்கு 15,000-ஐத் தாண்டும். கடல்நீர் பம்ப் திறனும் அதற்கு மாற்று பம்பும் கிணறு தொடங்கும் முன்பே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். கருவிகள், பயிற்சி, அனுமதி எல்லாமே முன்கூட்டிய வேலை. லாஸ் வந்த பிறகு நினைத்துக்கொள்ளும் திட்டம் அல்ல.

கோலாலம்பூரில் செய்யவேண்டியது

ரிக்கில் உள்ளவர் கையிலிருப்பதைத்தான் கலக்க முடியும். கெமாமானிலோ லாபுவானிலோ உள்ள கிடங்கில் இருக்கும் மூட்டை, படகேறி, கடல் கடந்து, கிரேனில் ஏறும்வரை இல்லாததற்குச் சமம். ஒவ்வொரு துளைப் பகுதிக்கும் குறைந்தது மூன்று பில்லுக்கான எல்.சி.எம்., ஒரு பிளக்குக்கான சிமெண்ட், துளையின் கொள்ளளவுக்குச் சமமான மட்டைக் கலக்கும் பொருள் ரிக்கில் இருக்கிறதா என்று அந்தப் பகுதி தொடங்கும் முன் அலுவலகம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேசிங் இறக்கும் திட்டத்திலும் இதே கண் வேண்டும். கேசிங்குக்கும் துளைச் சுவருக்கும் இடைவெளி குறுகலாதலால் இறக்கும் வேகமே பாறையைப் பிளக்கும். ஜாயிண்ட் ஒன்றுக்கு எத்தனை வினாடி என்று சர்ஜ் (இறங்கும் குழாய் உண்டாக்கும் கூடுதல் அழுத்தம்) கணக்குப் போட்டு டிரில்லருக்கு எழுதிக் கொடுங்கள். ஷூவிலும் பாதி வழியிலும் மட்டைச் சுழலவிட்டு இறங்கட்டும். சிமெண்ட் போடும்போது லாஸ் வந்தால் அதை அடைக்க அந்த நேரத்தில் வழியே இல்லை. அதற்கு முந்தைய சுழற்சியிலேயே ரிட்டர்ன் முழுதாக வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

காலை ரிப்போர்ட்டில் "லாஸ் 60 பேரல், பில் போடப்பட்டது" என்று ஒரு வரி வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆழம், பாறை, தொடங்கியபோது நடந்த வேலை, துளை வேகம், பம்ப் வேகமும் பிரஷரும், உள்ளே போன மட்டின் எடை, இ.சி.டி., ஸ்டாட்டிக் விகிதமும் டைனமிக் விகிதமும், பில்லில் ஒவ்வொரு பொருளின் அளவும் பருமனும், வைத்த ஆழம், ஸ்க்வீஸில் நின்ற அழுத்தம், அதற்குப் பின் வந்த லாஸ் விகிதம் எல்லாம் வேண்டும். பக்கத்துக் கிணற்றைத் திட்டமிடுபவர் முதலில் தேடப்போவது இந்தப் பக்கத்தைத்தான், பலிக்காத பில்லின் அளவு உட்பட.